லினக்ஸில் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்: சான்றிதழ் தெரியவில்லை, உதவி தேவை

காட்பாடியில் வரிக் கணக்கு எழுதித் தருகிறேன். 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. என்னுடைய 2014 மாடல் மடிக்கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாததால் முறைப்படி விண்டோஸ் 11-க்கு மாற வழியில்லை. போன மாதம் லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினேன். வாடிக்கையாளர்களின் பான் எண்ணும் வங்கிக் கணக்கு விவரமும் என்னை நம்பித் தந்தவை. கணினியிலிருந்து எது வெளியே போகலாம் என்பதை நானே தீர்மானிக்க வேண்டும். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் உள்ள யுஎஸ்பி டோக்கனைச் செருகினால் விளக்கு எரிகிறது, யுஎஸ்பி பட்டியலிலும் பெயர் வருகிறது. கையெழுத்திடப் போனால் மட்டும் சான்றிதழ் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக நிற்கிறது. டோக்கனோடு கணினி பேச உதவும் பிசிஎஸ்சிடி சேவை ஓடுகிறது. தயாரிப்பாளரின் லினக்ஸ் டிரைவரை நிறுவி, ஃபயர்பாக்ஸில் பாதுகாப்புச் சாதனமாகவும் சேர்த்துவிட்டேன். போர்ட்டையும் மாற்றிப் பார்த்தாயிற்று. வேலூர் ஆபீசர்ஸ் லைன் பக்கம் கடைகளில் விசாரித்தால், விண்டோஸையே திரும்பப் போடச் சொல்கிறார்கள்.

மின்ட் 22-இல் டோக்கன் வைத்துக் கையெழுத்திடுபவர்களே, உங்களுக்கு எந்த டோக்கன், எந்த டிரைவர் பதிப்பு ஒத்துவருகிறது?