ஐஸ்ஹவுஸ் எல்லாம் இறங்கு

சென்னையில் அந்த பஸ் ஸ்டாப் வந்ததும் கண்டக்டர் இப்படிக் கத்துவதை முப்பது வருஷமாகக் கேட்கிறேன். ஒரு காலத்தில் அங்கே ஐஸ் ஃபேக்டரி இருந்திருக்கும் என்று நானாகவே முடிவு கட்டி வைத்திருந்தேன்.

போன சித்திரையில் திருவல்லிக்கேணியில் ஒரு சர்பத் கடை. கடைக்காரர் ஈரச் சாக்கை விலக்கினார். உள்ளே ஐஸ் பார், மேலெல்லாம் மரத்தூள். தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு, குத்தூசியால் ஓரத்தில் ஒரு குத்து. கண்ணாடி மாதிரி பிளந்தது.

"மரத்தூள் எதுக்கு பாய்?"

"சூடு உள்ளே போகாது தம்பி. அமெரிக்காவிலேர்ந்து ஐஸ் வந்தப்பவே இப்படித்தான்."

நக்கல் அடிக்கிறார் என்று சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால், மனுஷன் சொன்னது அத்தனையும் நிஜம்!

பாஸ்டனில் ஃபிரடெரிக் டியூடர் என்று ஒரு வியாபாரி. குளிர்காலத்தில் உறைந்துபோகிற குளங்களைப் பாளம் பாளமாக அறுத்துக் கப்பலில் ஏற்றி விற்றவர். 1806-ல் முதல் கப்பல் கரீபியன் தீவுக்குக் கிளம்பியபோது ஊரே கேலி செய்ததாம். 1833-ல் கல்கத்தாவுக்கு 180 டன் அனுப்பினார். நாலு மாதக் கடல் பயணம், நடுவில் பூமத்திய ரேகையை வேறு தாண்ட வேண்டும். அப்படியும் ஏறக்குறைய 100 டன் கரையாமல் வந்து சேர்ந்தது. மர அறுவை ஆலைகளில் வீணாய்க் கிடந்த தூள்தான் காப்பாற்றியது.

சென்னைக்கு வந்த ஐஸை வைக்க 1842 வாக்கில் கடற்கரையோரம் கட்டிய கிடங்குதான் ஐஸ்ஹவுஸ். அப்போது இங்கே துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும், சரக்கு மசூலா படகில் அலையைத் தாண்டி வரணும். அந்தக் கடைசி அரை மைலில் எவ்வளவு உருகியதோ! அப்புறம் இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் செய்யக் கற்றதும் வியாபாரம் படுத்துவிட்டது. 1897-ல் விவேகானந்தர் தங்கியதும் அதே கட்டடத்தில்தான்.

பாயிடம் போய், "நீங்க சொன்னது சரிதான்" என்றேன். "நான் எப்ப தம்பி பொய் சொன்னேன்?" என்று இன்னொரு சர்பத்தை நீட்டினார். அதற்கும் காசு வாங்கிக்கொண்டார்.

*

ஒரு வாசகர் எழுதுகிறார்: உங்கள் ஐஸ்ஹவுஸ் கதையைப் படித்தேன். உங்களுக்கு ஐஸ் என்றால் எனக்கு எம்டன். சின்ன வயசில் சேட்டை செய்தால் பாட்டி "சரியான எம்டன்" என்பாள். எமனுக்கு ஏதோ சொந்தம் என்றே நினைத்திருந்தேன். ஒரு வழக்கு விஷயமாக ஹைகோர்ட் போனபோது சுற்றுச்சுவரில் ஒரு கல்வெட்டு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னை மீது குண்டு போட்டு, துறைமுகத்துப் பக்கம் எண்ணெய் டாங்கிகளைக் கொளுத்தியது. ஒரு குண்டு அந்தச் சுவரிலும் விழுந்திருக்கிறது. வாய்தா வாங்கியதைக்கூட மறந்து அங்கேயே நின்றுவிட்டேன்.