வெள்ளையணுவின் முன்பக்கத்தை நீட்டுவது ஆக்டினா, மையோசினா?

நுண்ணோக்கிவாசி: பாக்டீரியாவைத் துரத்தும் வெள்ளையணுவை 1950களில் டேவிட் ராஜர்ஸ் எடுத்த படத்தை வகுப்பில் காட்டினேன். அதன் முன்விளிம்பு எப்படி நீள்கிறது என்று ஒரு மாணவி கேட்டாள். ஆக்டின் என்ற புரதத்தின் இழைகள் வளர்ந்து செல்லின் சவ்வைத் தள்ளுகின்றன என்றேன். இதில் யாருக்காவது மறுப்பு உண்டா?

மலர்விழி: எனக்கு உண்டு. சவ்வுக்கு அடியில் இருக்கும் ஆக்டின் உறையை, அந்த இழைகளைப் பிடித்து இழுக்கும் மையோசின் புரதம் இறுக்கினால் செல்லுக்குள் அழுத்தம் ஏறும். உறை நலிந்த இடத்தில் சவ்வு கழன்று கொப்புளமாகப் புடைக்கும். புடைக்கும் கணத்தில் அங்கே ஆக்டின் உறையே கிடையாது, பிறகுதான் கட்டப்படுகிறது. வரிக்குதிரை மீன் கருவின் இனச்செல்கள் (பின்னாளில் விந்தும் முட்டையும் ஆகுபவை) இப்படித்தான் ஊர்கின்றன.

நுண்ணோக்கிவாசி: மீன் கருவை வைத்து வெள்ளையணுவுக்குத் தீர்ப்பு எழுதுகிறீர்கள். 1999இல் கார்லியே குழுவினர் ஆக்டின் உள்ளிட்ட சில தூய புரதங்களை மட்டும் கலந்து, ஆக்டின் தள்ளினால் ஓடும் லிஸ்டீரியா பாக்டீரியாவை அதில் ஓடவைத்தார்கள். அவற்றில் ஒன்றான ஆர்ப்2/3 என்ற புரதக்கூட்டு பழைய ஆக்டின் இழையின் பக்கவாட்டில் ஏறத்தாழ 70 பாகையில் கிளை விடுகிறது. கிளைகள் நெருங்க நெருங்கத் தள்ளுவிசை கூடுகிறது. மையோசின் சேர்க்கப்படவே இல்லை!

மலர்விழி: லிஸ்டீரியா விறைத்த கட்டை. வடிவம் மாற்ற வேண்டிய தொல்லை அதற்கில்லை. வெள்ளையணுவோ ஒட்டிக்கொண்டிருக்கும் வாலையும் பிய்த்து இழுக்க வேண்டும்.

சேகர்_திருச்சி: கூலியாட்களைப் பற்றியே பேசுகிறீர்கள், மேஸ்திரியை விட்டுவிட்டீர்களே. 1992இல் ரிட்லியும் ஆலன் ஹாலும் குழுவினரும் ரோ புரதத்தைச் செல்லுக்குள் ஊசியால் செலுத்தினார்கள்: தடித்த ஆக்டின் இழைக்கட்டுகள் தோன்றின. ராக் புரதத்தைச் செலுத்தியதும் விளிம்பில் ஆக்டின் வளர்ந்து, அது மடிப்பு மடிப்பாகச் சிலிர்த்தது. ஊரும் வெள்ளையணுவில் முன்பக்கம் ராக்கின் ஆட்சி, பின்பக்கம் ரோவின் ஆட்சி. ரோ ஏவினால் மையோசின் சுருங்கும்.

நுண்ணோக்கிவாசி: முன்பக்கம் ராக் என்றால் ஆக்டின் என்றுதானே பொருள்? விஸ்காட்–ஆல்ட்ரிச் நோயைப் பாருங்கள். ஆர்ப்2/3ஐத் தூண்டும் வாஸ்ப் புரதம் பழுதான ஆண் குழந்தைகளுக்கு மீண்டும் மீண்டும் தொற்று வருகிறது. அவர்களிடம் மையோசினுக்கு ஒரு குறையும் இல்லை.

மலர்விழி: அவர்களின் வெள்ளையணுக்கள் ஊர்வதில் தடுமாறுகின்றன, ஒரேயடியாக நின்றுவிடுவதில்லையே?

சேகர்_திருச்சி: 2008இல் எலியின் டென்ட்ரைட்டிக் செல்களில் (இவையும் ஊரும் நோயெதிர்ப்புச் செல்கள்தான்) மையோசினை முடக்கிப் பார்த்தார்கள். இடைவெளி தாராளமாக இருந்த கொலாஜன் நார்க்கூழில் அவை ஆக்டினை வைத்தே நகர்ந்தன. குறுகிய சந்தில் உட்கரு சிக்கிக்கொண்டது; அதைப் பிதுக்கித் தள்ள மையோசின் தேவைப்பட்டது.

நுண்ணோக்கிவாசி: ஆக, முன்விளிம்பு என் பக்கம்.

மலர்விழி: எடுத்துக்கொள்ளுங்கள். உட்கரு இந்தப் பக்கம் மாட்டியிருக்கும்போது முன்விளிம்பு மட்டும் எவ்வளவு தூரம் போய்விடும்? உடம்புக்குள் திசு எங்கும் சந்துதான்.