டயமினோபைமெலிக் அமிலம் இரு வடிவிலும் தெரிகிறது: இது ஸ்ட்ரெப்டோமைசிஸ்தானா?

கேள்வி:
வணக்கம். மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியாவை எந்தப் பேரினத்தில் சேர்ப்பது என்பதில் ஐயம் எழுந்துள்ளது. கிளைத்த இழைகள், ஓட்ஸ் அகாரின் மேல் சாம்பல் நிறப் பொடியாகப் படரும் வித்துகள், தட்டைத் திறந்ததும் எழும் மழை மண் வாசனை ஆகிய அனைத்தும் இழைகளாக வளரும் மண் பாக்டீரியாப் பேரினமான ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்றே காட்டுகின்றன. ஆனால் செல்களை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நீராற்பகுத்து, செல்லுலோஸ் தகட்டில் ஓட்டிப் பிரித்து, அமினோ அமிலங்களை நிறப் புள்ளிகளாகக் காட்டும் நின்ஹைட்ரின் தெளித்தால், செல் சுவரில் உள்ள அமினோ அமிலமான டயமினோபைமெலிக் அமிலத்தின் எல்எல் வடிவத்துடன் மீசோ வடிவமும் (ஒரே மூலக்கூறின் இரு முப்பரிமாண அமைப்புகள்) தெரிகிறது. தனிக் காலனியிலிருந்து மீண்டும் வளர்த்தும் இரு புள்ளிகளும் மறையவில்லை. இது கலப்படமாக இருக்குமா?

பதில் 1:
தனிக் காலனியிலும் இரண்டும் வருவதால், கலப்படத்தைவிடக் கிடாசாடோஸ்போரா என்ற பேரினத்தையே நான் முதலில் சந்தேகிப்பேன். ஸ்ட்ரெப்டோமைசிஸின் செல் சுவரில் எல்எல் வடிவமே இருக்கும். கிடாசாடோஸ்போராவிலோ வித்துகளில் எல்எல் வடிவமும், ஊடகத்துக்குள் ஊடுருவி வளரும் இழைகளில் மீசோ வடிவமும் இருப்பதால், தட்டிலிருந்து எல்லாவற்றையும் சேர்த்துச் சுரண்டி எடுத்தால் இரண்டும் கலந்துதான் தெரியும். வித்துகளைப் பஞ்சில் வடிகட்டித் தனியாகவும், வித்து உருவாகும் முன்பே திரவ ஊடகத்திலிருந்து எடுத்த இழைகளைத் தனியாகவும் ஓட்டிப் பாருங்கள். முழுச் செல் நீராற்பகுப்பில் காலக்டோஸ் என்ற சர்க்கரை இருந்தால் ஐயம் மேலும் குறையும்.

பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது ஆண்டைக் கவனியுங்கள். வாக்ஸ்மனும் ஹென்ரிசியும் 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசிஸை நிறுவினர். ஜப்பானின் ஒமுராவும் உடன் ஆய்வாளர்களும் 1982-இல் கிடாசாடோஸ்போராவைத் தனிப் பேரினமாக முன்மொழிந்தனர். 1992-இல் அது ஸ்ட்ரெப்டோமைசிஸுக்குள் சேர்க்கப்பட்டு, 1997-இல் மீண்டும் பிரிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்துக் கட்டுரைகளில் ஒரே உயிரி வேறு பெயரில் இருக்கும்.

பதில் 2:
பாக்டீரியாக்களை அடையாளம் காணப் பயன்படும் 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவின் வரிசையை மட்டும் நம்ப வேண்டாம். இந்தக் குடும்பத்தில் அது பல இனங்களுக்கிடையே 99 விழுக்காட்டுக்கு மேலும் ஒத்துப்போகும். ஜைரேஸ்-பி, ஆர்பிஓ-பி போன்ற மரபணுக்களையும் வரிசைப்படுத்தி, பரிணாம உறவைக் காட்டும் மரம் வரையுங்கள். முழு மரபணுத்தொகை கிடைத்தால், அறியப்பட்ட நெருங்கிய இனத்துடனான சராசரி நியூக்ளியோடைடு ஒற்றுமை 95–96 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பது புதிய இனத்துக்கான அறிகுறி. பேரினத்தைப் பிரிக்க அந்த எண்ணைப் பயன்படுத்தக் கூடாது.

கேட்டவர்:
மிக்க நன்றி. தனித்தனியாக ஓட்டியபோது வித்துகளில் எல்எல் வடிவமும் இழைகளில் மீசோ வடிவமும் மேலோங்கித் தெரிகின்றன. இதை வைத்தே பெயரிடலாமா?

பதில் 1:
மரபணு மரம் வரும்வரை பொறுங்கள். அதற்குள் கிடாசாடோஸ்போரா சீட்டே என்ற இனத்தின் மாதிரி வகையை (ஒப்பீட்டுக்கான வளர்ப்பை) ஏதேனும் சேகரிப்பு மையத்திலிருந்து பெற்று, அதே தகட்டில் பக்கத்திலேயே ஓட்டுங்கள். ஒப்பீடு இல்லாத புள்ளியைக் கட்டுரையின் மதிப்பீட்டாளர் ஏற்கமாட்டார்.