மோனோ ஏரி மீண்டுவிட்டது என்று யார் சொன்னது?

அடையாறு_ஆலமரம்: நேற்று இங்கே ஒருவர், "கலிஃபோர்னியாவில் மோனோ ஏரியை 1994-லேயே மீட்டாச்சு. பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கும் ஒரு வழக்குப் போட்டால் போதும்" என்று எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 1994-ல் வந்தது மாநில நீர் வாரியத்தின் உத்தரவு. நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 6,392 அடிக்கு ஏற வேண்டும் என்றார்கள். இன்றுவரை ஏறவில்லை. அப்புறம் என்ன மீட்பு?

கொளத்தூர்க்காரன்: எழுதியது நான்தான். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1941-ல் ஏரிக்கு வரும் ஓடைகளைத் தன் பக்கம் திருப்பியதில் ஏரி 45 அடி இறங்கியது. 1983-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் குறுக்கே வந்திராவிட்டால் இன்று வெறும் உப்புப் புழுதிதான். அன்றைக்கு இருந்ததைவிட மட்டம் ஏறித்தானே இருக்கிறது?

அடையாறு_ஆலமரம்: 6,392 தொட்டதா, இல்லையா?

மயிலை_வாசகி: அடி கணக்கை விடுங்கள் சார். 1979-ல் தண்ணீர் வற்றி, ஏரிக்குள் இருக்கும் நெகிட் தீவுக்குத் தரைவழி திறந்துவிட்டது. கொயோட்டுகள் (அமெரிக்காவின் ஓநாய் இன விலங்கு) நடந்தே போய் கடற்காகங்களின் கூடுகளைச் சூறையாடின. அந்தக் கொடுமை நின்றதே!

அடையாறு_ஆலமரம்: எங்கே நின்றது? 2017-ல் அதே கொயோட்டுகளுக்குப் பயந்து மின்வேலி போட்டார்கள். 6,392-ல் தண்ணீர் நின்றிருந்தால் வேலி எதற்கு? இன்னொன்று, மட்டம் 6,380-ஐத் தாண்டினாலே லாஸ் ஏஞ்சல்ஸ் ஆண்டுக்கு 16,000 ஏக்கர் அடி (ஓர் ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஓர் ஏக்கர் அடி) எடுத்துக்கொள்ளலாம் என்று அந்த உத்தரவிலேயே இருக்கிறது. ஏரி எப்படி ஏறும்?

வீராணத்துக்காரன்: லாஸ் ஏஞ்சல்ஸைத் திட்ட அடையாறுக்கு என்ன யோக்கியதை? 2004-லிருந்து எங்கள் வீராணம் ஏரித் தண்ணீர் குழாயில் உங்கள் வீட்டுக்குத்தானே வருகிறது? சேத்தியாத்தோப்புப் பக்கம் வந்து எங்கள் வயலைப் பாருங்கள்.

கொளத்தூர்க்காரன்: கேளுங்கள் அண்ணே! போன கோடையில் ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து சென்னைக்கு வரும் தண்ணீர் பேச்சு வந்தபோதும் இவர் இப்படித்தான் ஒரே எண்ணைப் பிடித்துத் தொங்கினார்.

அடையாறு_ஆலமரம்: அன்றைக்கு 12 டிஎம்சி முழுசா வருகிறது என்று சாதித்தது நீங்கள். பாதியில் காணாமல் போனதும் நீங்கள்.

கொளத்தூர்க்காரன்: காணாமல் போகவில்லை. என்னைத் தடை செய்யச் சொல்லிப் புகார் கொடுத்தது யார்?

வீராணத்துக்காரன்: என் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

மயிலை_வாசகி: வீராணத்துக்குத் தனி இழை தொடங்குங்கள், இது மோனோ ஏரி.

வீராணத்துக்காரன்: எங்கள் ஏரி என்றால் மட்டும் தனி இழையா?

அடையாறு_ஆலமரம்: கொளத்தூர்க்காரரே, மறுபடி கேட்கிறேன். 6,392. தொட்டதா, இல்லையா?