கட்டளை வரும்வரை படுக்க இடம்?

மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கம் மாதர் சங்கத்தில் இருக்கிறேன். புருஷனிடம் அடிவாங்கிய பெண்களோடு பொலிசுக்கும் கோட்டுக்கும் துணைக்குப் போய்வருவதால் காசுப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

இலங்கையில் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இலேயே வந்துவிட்டது. நீதவான் நீதிமன்றத்தில், அவளை அடிக்கக்கூடாதென்ற இடைக்காலக் கட்டளை 14 நாள் வரை, விசாரணைக்குப் பிறகு பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை கிடைக்கும், அவளுக்காகப் பொலிசே விண்ணப்பிக்கவும் இடமுண்டு. நல்ல சட்டம்தான். ஆனால் கட்டளை வரும்வரை அவள் எங்கே படுப்பது, தவணைக்குத் தவணை களுவாஞ்சிக்குடிக்கோ மட்டக்களப்புக்கோ போக பஸ் காசு யார் கொடுப்பது, கூலி வேலைக்குப் போகிறவளென்றால் அன்றைய சம்பளமும் போச்சு. அவசரச் செலவுக்குப் புருஷன் காசு கொடுக்கவேண்டும் என்று கோடு சொல்லலாம், சரி, உழைத்ததை எல்லாம் குடித்துத் தீர்க்கிறவனிடம் எதைப் பிடுங்குவது? ஒருமுறை இரவில் சங்கத்துக் கடன் காசை எடுத்துத்தான் ஓட்டோ பிடித்தோம். அதைக் கணக்கில் என்னவென்று எழுதுவது என்று பொருளாளர் அக்கா இன்னும் கேட்கிறார்.

//

படுவான்கரை அக்கா சொல்வது உண்மை. நான் அக்கரைப்பற்றுப் பக்கம். என் தங்கச்சி போய் நின்ற தங்குமிடம் ஒரு வெளிநாட்டுத் திட்டக் காசில் நடந்தது. நன்றாகப் பார்த்தார்கள், பொய் சொல்லக்கூடாது. திட்டம் முடிந்தது, கதவும் பூட்டியாச்சு. ஆனால் அடிவாங்கிய பெண்களுக்காக ஆஸ்பத்திரியில் இருக்கிற நட்பு நிலையம் அப்படியில்லை, அங்கே இருக்கிற தாதிக்கு அரசாங்கச் சம்பளம், எந்தத் திட்டம் முடிந்தாலும் அவர் நாளைக்கும் வருவார். காயத்துக்கு மருந்து கட்டப்போன இடத்திலேயே கதவைச் சாத்திவிட்டு உட்காரவைத்துப் பேசினார், தங்கச்சி முதல்முதலாக வாய் திறந்ததே அங்கேதான். தங்குமிடத்துக்கும் இப்படி வரவு செலவுத் திட்டத்தில் நிரந்தரமாகக் காசு போடவேண்டும். மார்ச் 8க்கு பெனரும் தொப்பியும் அடிக்க மட்டும் எங்கிருந்தோ வருகிறதே!

//

எங்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் ஒரே ஒருவர்தான், வாகனமும் இல்லை, வீடு பார்க்க என் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போயிருக்கிறேன். பெற்றோலும் என் காசு. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பெண்களுக்கான அரசாங்க உதவி இலக்கம் 1938க்கு அடித்தால் தமிழிலும் பேசலாம், ஆனால் அவர்கள் கடைசியில் கைகாட்டுவதும் இந்த ஒருவரைத்தான். வாகரை, திருக்கோவில் பக்கம் எப்படி, யாராவது சொல்லுங்கள்.