மெய்ப் பகுப்பாய்வு வகுப்பில் தொடர்வதா, பிரிவு மாறுவதா?

இரண்டாமாண்டு மாணவர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் கணித இளநிலைப் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். இந்தப் பருவத்தில் எங்களுக்கு மெய்ப் பகுப்பாய்வு (மெய்யெண் சார்புகளின் எல்லை, தொடர்ச்சி போன்றவற்றை நிறுவல்களோடு படிக்கும் பாடம்) எடுக்கும் பேராசிரியரின் முறை எனக்குப் பெரும் குழப்பமாக இருக்கிறது. அவர் குறிப்புகள் தருவதில்லை. நிறுவல்களைச் சொல்லி எழுத வைப்பதுமில்லை. தேற்றத்தைக் கரும்பலகையில் எழுதி, அதிலுள்ள நிபந்தனைகளில் ஏதேனும் ஒன்றை அழித்துவிட்டு, "இப்போது இது உண்மையா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். மூடிய, வரம்புள்ள இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு வரம்புடையது என்ற தேற்றத்தில் சென்ற வாரம் "மூடிய" என்ற சொல்லை அழித்தார். ஏறத்தாழ பத்து நிமிடங்கள் வகுப்பே மௌனமாக இருந்த பிறகுதான், பூச்சியத்தை விட்டுவிட்ட இடைவெளியில் ஒன்றின் கீழ் எக்ஸ் (1/x) என்ற சார்பை ஒருவர் சொன்னார்.

முதலாமாண்டு நுண்கணிதத்தில் நல்ல மதிப்பெண் எடுத்த நான், இவருடைய முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில் 50க்கு 19 பெற்றேன். மற்றொரு பிரிவில் நிறுவல்கள் வரி வரியாக எழுதிக் கொடுக்கப்படுகின்றன. பிரிவு மாறுவதற்கு இன்னும் ஒரு வாரமே இருக்கிறது. இப்படிப்பட்ட ஆசிரியரிடம் படித்தவர்கள், எப்போது உங்களுக்குப் பிடி கிடைத்தது, எப்படிப் படித்தீர்கள் என்று சொன்னால் முடிவெடுக்க உதவியாக இருக்கும்.

முன்னாள் மாணவி ஒருவரின் மறுமொழி:

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், நான் இரண்டு பருவங்கள் படித்த அதே பேராசிரியராகத்தான் இருக்க வேண்டும். எனக்குப் பிடி கிடைத்த நாள் இன்றும் நினைவிருக்கிறது. தொடர்ச்சியான சார்புகளின் தொடர்முறை ஒன்று ஒவ்வொரு புள்ளியிலும் ஒருங்கினால் (ஏதோ ஓர் எண்ணை எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கிச் சென்றால்), அதன் எல்லைச் சார்பும் தொடர்ச்சியானதே என்று அவர் ஒரு நாள் பலகையில் "நிறுவினார்". நாங்கள் எல்லோரும் தலையாட்டியபடி எழுதிக்கொண்டோம். பிறகு எக்ஸின் முதல் அடுக்கு, இரண்டாம் அடுக்கு, மூன்றாம் அடுக்கு என்று பூச்சியத்திலிருந்து ஒன்று வரை வரைபடங்களை வரையச் சொன்னார். அவை ஒவ்வொன்றும் தொடர்ச்சியானவை. ஆனால் அவற்றின் எல்லையோ ஒன்றுக்குக் குறைவான எல்லா இடங்களிலும் பூச்சியமாகவும், ஒன்றில் மட்டும் ஒன்றாகவும் இருக்கிறது. நாங்கள் எழுதிக்கொண்ட நிறுவலில் பிழை எந்த வரியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு முழு வகுப்புகள் ஆயின.

அவர் விடையைச் சொல்லவில்லை, கணக்கிடச் சொன்னார். மதிப்பு அரைக்குக் கீழே இறங்க, 0.9 என்ற புள்ளியில் 7ஆம் அடுக்கு போதும். 0.99இல் 69ஆம் அடுக்கு வேண்டும். 0.999இல் 693. புள்ளியைத் தேர்ந்த பிறகு அடுக்கைத் தேர்வதும், எல்லாப் புள்ளிகளுக்கும் பொதுவாக முன்கூட்டியே ஓர் அடுக்கைத் தேர்வதும் வெவ்வேறு செயல்கள் என்பதை அந்த மூன்று எண்கள் எனக்குக் காட்டின. சீரான ஒருங்கல் (எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே அடுக்கு போதுமாக இருப்பது) என்ற வரையறை ஏன் தேவைப்பட்டது என்பது அப்போதுதான் விளங்கியது. இதே போன்ற ஒரு கூற்றைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷி 1821இல் தேற்றமாகவே எழுதினார் என்பதையும், அதற்கு விதிவிலக்கான ஒரு சைன் தொடரை நார்வேக் கணிதவியலாளர் ஏபெல் 1826இல் சுட்டிக்காட்டினார் என்பதையும் அதன் பிறகே அவர் சொன்னார். நாங்கள் விழுந்த குழியில் கோஷியே விழுந்திருக்கிறார் என்று தெரிந்தபோது எனக்குக் கூச்சம் போய்விட்டது.

அன்று மாலையிலிருந்து நான் செய்தது ஒன்றுதான். வகுப்பில் வந்த தேற்றத்தைப் பார்க்காமல் எழுதுவேன். அதன் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, அது இல்லாவிட்டால் தேற்றத்தை உடைக்கும் எடுத்துக்காட்டைத் தேடுவேன். கிடைக்காவிட்டால் அதையும் குறித்து வைப்பேன். தேர்வில், நிறுவலின் ஓட்டையை மறைப்பவருக்கு அவர் மிகக் குறைவாகவே தருவார். "இந்த இடத்தில் எனக்குக் காரணம் தெரியவில்லை" என்று எழுதியவருக்கு அதைவிடக் கூடுதலாகத் தந்ததைக் கண்டிருக்கிறேன். 19 என்பது பலருக்கும் முதலில் வரும் மதிப்பெண்தான்.

பிரிவு மாறிய ஒருவரின் மறுமொழி:

மேலே உள்ள அனுபவம் உண்மையானது. ஆனால் அது எல்லோருடைய அனுபவமும் அன்று. நானும் அவரிடம் ஏழு வாரங்கள் படித்தேன். அந்த நீண்ட காத்திருப்புகளில் பதில் சொன்னவர்கள் பெரும்பாலும் அதே நான்கு பேர்தான். பல நேரங்களில் எனக்கு விடை தெரிந்தும், பிழையாகிவிடுமோ என்ற அச்சத்தில் வாய் திறந்ததில்லை; என் மௌனத்தைச் சிந்திக்காமையாக அவர் எடுத்துக்கொண்டார் என்றே எனக்குப் பட்டது. ஒரு முறை அவரது அறைக்குச் சென்று ஐயம் கேட்டேன். அவர் வேறொரு கேள்வியைக் கேட்டு அனுப்பினார். போன நிலையிலேயே திரும்பி வந்தேன். அந்த ஆண்டு ரீமான் தொகையீட்டுக்கு நேரமே இல்லாமல் போயிற்று என்றும், அடுத்த ஆண்டு அளவைக் கோட்பாடு (நீளம், பரப்பு போன்ற அளவுகளைப் பொதுமைப்படுத்தும் பாடம்) படித்தபோது அந்தத் தொகையீட்டைத் தாங்களாகவே கற்க வேண்டியிருந்தது என்றும் தொடர்ந்து படித்த நண்பர்கள் சொன்னார்கள். நான் பிரிவு மாறினேன், அதற்காக வருந்தவில்லை. எழுதிக் கொடுத்த நிறுவல்களைப் படித்தும் கணிதம் கற்க முடியும், படிப்பவர் அவற்றைக் கேள்வி கேட்டுப் படித்தால்.

வேறொரு கல்லூரி விரிவுரையாளரின் மறுமொழி:

நான் நேரியல் இயற்கணிதம் கற்பிக்கிறேன். இந்த முறைக்குப் பழைய வேர் உண்டு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1920 முதல் 1969 வரை கற்பித்த ராபர்ட் லீ மூர், தம் மாணவர்கள் நூல்களைப் பார்ப்பதையும் தங்களுக்குள் கலந்து பேசுவதையும் தடுத்து, தேற்றங்களைத் தாங்களே நிறுவிப் பலகையில் காட்டச் செய்தார். அவரிடம் 50 பேர் முனைவர் பட்டம் பெற்றார்கள். கறுப்பின மாணவர்களைத் தம் வகுப்பில் சேர்க்க அவர் மறுத்தார் என்பதும் அதே வரலாற்றின் பகுதி. ஆகவே இந்த முறையைப் புகழும்போதெல்லாம், பலகைக்கு வர யாருக்கு இடம் கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மேலே பிரிவு மாறியவர் சொன்னது ஆசிரியர்கள் சரிசெய்ய வேண்டிய குறை. என் வகுப்பிலும் நானும் காத்திருப்பேன். ஆனால் முதல் மூன்று நிமிடங்கள் எல்லோரும் தாளில் எழுத வேண்டும், அதன் பிறகே பேச்சு. பேசத் தயங்குபவர்களின் தாள்களில் நல்ல விடைகள் இருப்பதை அப்படித்தான் அறிந்தேன். கேள்வி கேட்டவருக்கு ஒரு வேண்டுகோள்: பேராசிரியரிடம் "புரியவில்லை" என்று செல்லாதீர்கள். உங்கள் முயற்சியை எழுதிக்கொண்டு போய், எந்த வரியில் நின்றுவிட்டீர்கள் என்று காட்டுங்கள். அந்த வரிக்கு அவர் பதில் தருகிறாரா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டாமாண்டு மாணவர் மீண்டும் எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்று அவரது அறைக்குச் சென்றேன். பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையே ஒன்றின் கீழ் எக்ஸ் தொடர்ச்சியானது, ஆனால் சீரான தொடர்ச்சி உடையதன்று என்ற கணக்கில் நான் நின்ற வரியைக் காட்டினேன். எப்சிலானை, அதாவது சார்பின் மதிப்பில் அனுமதிக்கும் மாற்றத்தை, 1 என்று வைத்து, அரை என்ற புள்ளிக்கு மிகப் பெரிய டெல்டாவை, அதாவது அதற்காகப் புள்ளி நகரக்கூடிய தூரத்தை, காணச் சொன்னார்: 1/6 வந்தது. பிறகு 1/10க்குக் காணச் சொன்னார்: 1/110. 1/100க்கு 1/10100 வந்ததும், எல்லாப் புள்ளிகளுக்கும் பொருந்தும் ஒரே டெல்டா கிடைக்காது என்பதை அவர் சொல்லும் முன்பே நானே சொல்லிவிட்டேன். 7, 69, 693 என்று மேலே எழுதியிருந்ததும் இதே விஷயம்தான் என்று வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது.

பேசத் தயங்குபவர்களைப் பற்றியும், முதலில் தாளில் எழுத விடலாமா என்றும் கேட்டேன். சற்று நேரம் யோசித்தார், ஒன்றும் சொல்லவில்லை. நான் இப்போதைக்கு இந்தப் பிரிவிலேயே இருக்கிறேன். விடைபெறும்போது, விகிதமுறா எண்கள் எல்லாவற்றிலும் தொடர்ச்சியாகவும், விகிதமுறு எண்கள் எல்லாவற்றிலும் தொடர்ச்சியற்றும் இருக்கும் சார்பு உண்டா என்று கேட்டு அனுப்பியிருக்கிறார். விகிதமுறு எண்ணைச் சுருக்கிய பின்னமாக எழுதி, பகுதியை (பின்னத்தின் கீழ் எண்ணை) கொண்டு மதிப்பு கொடுத்துப் பார்க்கலாமா என்று முயன்றுகொண்டிருக்கிறேன். முன்னாள் மாணவி இதைச் செய்திருந்தால், விடையைச் சொல்லாமல், இந்தத் திசை சரியா என்று மட்டும் சொல்ல வேண்டுகிறேன்.

முன்னாள் மாணவியின் மறுமொழி:

சரியான திசைதான். கொடுக்கப்பட்ட எண்ணைவிடச் சிறிய பகுதியுடைய பின்னங்கள் பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையே எத்தனை இருக்க முடியும் என்று எண்ணிப் பாருங்கள்.