பொருள்: ‘ஃபெயில்ஓவர்’ பொத்தானுக்குத் தமிழ், வெள்ளிக்குள் வேண்டும்

திருச்சியிலிருந்து, மொழிபெயர்ப்பவர்:

வணக்கம். அமெரிக்காவில் ஆர்.வி. (வீடு போலத் தங்கிக்கொண்டே ஓட்டிப்போகும் வண்டி) வாடகைக்கு எடுப்பவர்களுக்கான ரவுட்டர் கையேட்டைத் தமிழாக்குகிறேன். பிள்ளைகளைப் பார்க்கப் போன அப்பா அம்மாக்கள்தான் படிக்கப் போகிறவர்கள். வண்டிக் கூரையில் ஸ்டார்லிங்க் டிஷ், அதாவது செயற்கைக்கோள் வழி இணையம். அது அறுந்தால் ரவுட்டர் தானே சிம்முக்குத் தாவிவிடும். அந்தப் பொத்தானுக்குப் பெயர் வேண்டும். 12 குறிக்கு மேல் போனால் திரையில் வெட்டுப்படும். ‘மாற்று இணைப்பு’ என்று போட்டேன். கண்ணுக்கு 7 எழுத்து; கால், கொம்பு, புள்ளியைத் தனித்தனிக் குறியாக எண்ணும் யுனிகோடு கணக்கில் இடைவெளியோடு 14.

தஞ்சாவூரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, புதுச்சொல் எதற்கு? ஆர்.வி. நமக்குப் புதிதா? பெரும்பாணாற்றுப்படை உமணர் வண்டியைப் பாருங்கள்: கோழி அடையும் கூடு, கட்டித் தொங்கவிட்ட உரல், முன்பக்கம் காடிப்பானை, கைப்பிள்ளையோடு எருதை ஓட்டும் பெண். உப்பு விற்றுக்கொண்டே குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். புறம் 102-இல் ஔவை சொல்வதுதான் உங்கள் பொத்தான்: ‘அவல் இழியினும், மிசை ஏறினும், அவணது அறியுநர் யார்’ (பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் அங்கே என்ன ஆகுமோ, யார் கண்டது) என்று அஞ்சி, வண்டிக்கு அடியில் கட்டிவைத்த சேம அச்சு, அதாவது உபரி அச்சு. ஆகவே ‘சேம இணைப்பு’. எண்ணிப் பார்த்தேன், 11தான்.

சான் ஓசேயிலிருந்து:

ஐயா, அந்த அடி எங்களுக்காகவே எழுதியதுபோல இருக்கிறது. போன ஜூனில் அரிசோனா பாலைவனத்தில் நிறுத்தினோம். டிஷ் அருமையாக எடுத்தது, போனில் ஒரு கோடு இல்லை. அப்புறம் வடக்கே ரெட்வுட் காட்டுக்குள் போனால் கதை தலைகீழ். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கி.மீ. உயரத்தில் ஓடிக்கொண்டே இருப்பதால் டிஷ்ஷுக்கு வானம் விரிந்து தெரிய வேண்டும். 35,786 கி.மீ.யில் ‘நிற்கிற’ பழைய வகைச் செயற்கைக்கோளுக்குத் தெற்கே ஒரு சந்து போதும். மரத்துக்கு மரம் இணைப்பு அறுந்தது. அப்பா கேபிள் எட்டிய மட்டும் டிஷ்ஷைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கடைசியில் பின்பக்க ஏணியில் ஏறி, போனைக் கூரைமேல் வைத்த பிறகுதான் அத்தையிடம் பேச முடிந்தது. ஆனால் ஒன்று: ‘சேம’ என்றால் அப்பா ‘சேமித்த’ என்றே படிப்பார். வைஃபை பட்டியலிலேயே ‘சேமித்தவை’ இருக்கிறதே.

புதுச்சேரியிலிருந்து:

சேமம் என்பது வடமொழி க்ஷேமம். கலைச்சொல் என்ற பெயரில் அதையே கொண்டுவருவானேன்?

தஞ்சாவூர்:

ஔவை பாடிய சொல் உங்களுக்கு வடமொழியா? சரி, வேண்டாமென்றால் ஏமம் இருக்கிறது. ஏமம் காவல். அது சகரம் ஏறிச் சேமம் ஆயிற்று என்பது என் துணிபு. ‘ஏம இணைப்பு’, 10தான்.

சென்னையிலிருந்து, நிரலாளர்:

‘ஏம இணைப்பு’ என்றால் ஏமாற்றும் இணைப்பு என்பார்கள் ஐயா. வாட்ஸ்அப்பில் புளூடூத்துக்கு ‘ஊடலை’ என்று சுற்றியபோது வந்த சிரிப்பு போதாதா? நேற்று கால்டாக்சி ஓட்டுநரிடம் கேட்டேன், “வண்டியில ரெண்டாவதா ஒரு நெட் இருந்தா என்ன சொல்வீங்க?” யோசிக்கவே இல்லை. “ஸ்டெப்னி நெட்டு.” வேல்சில் லனெல்லி ஊர் ஸ்டெப்னி தெருவில் 1904-இல் விற்கத் தொடங்கிய உபரிச் சக்கரத்தின் பெயர் அது. நூறு வருஷத்துக்கு மேல் நம்மோடு ஓடியிருக்கிறது. ‘ஸ்டெப்னி’ என்று மட்டும் போட்டால் 8 குறி.

கொழும்பிலிருந்து:

ஸ்டெப்னி எங்கட பக்கம் விளங்காது. ‘ஸ்பெயர் ரயர்’ என்றுதான் சொல்லுவம். பேக்கப்புக்குக் காப்பு நகல் எண்டு இருக்கு, அப்ப ‘காப்பிணைப்பு’ சரிவராதா?

திருச்சி:

காப்பு நகலுக்கு அதே திரையில் வேறு பொத்தான் இருக்கிறது, அண்ணா. ஸ்டெப்னிக்கு நம் ஊரில் இன்னொரு பொருளும் உண்டு. மாமியார் மருமகன் சேர்ந்து படிக்கும் கையேட்டில் நான் போட மாட்டேன்.

மட்டுறுத்துநர்:

சேம இணைப்பு 5, ஸ்டெப்னி 3, காப்பிணைப்பு 1, ஏம இணைப்பு 1. புதுச்சேரி ஐயா வாக்களிக்கவில்லை. உமணர் வண்டி எத்தனை எருது பூட்டியது என்ற கேள்வியைத் தயவுசெய்து தனி இழையில் தொடருங்கள்.

திருச்சி:

‘சேம இணைப்பு’ என்று போட்டு அனுப்பிவிட்டேன். கீழே சிறிய எழுத்தில் ‘டிஷ் அறுந்தால் சிம் வழியாக’ என்று ஒரு வரி. அதைப் படித்தால் பொத்தானைப் படிக்கவே வேண்டாம் என்கிறாள் தங்கை.

தஞ்சாவூர்:

மகிழ்ச்சி, தம்பி. பதிவுக்காக: ஏம இணைப்புதான் சரி.